வெள்ளிக்கிழமை அழித்த கண்கள்

பெரும்பாலும் அழித்திருப்போம், குட்டிம்மா. பூசி மெழுகி எழுத எனக்கு வராது. நேற்றுப் போனில் நீ கேட்டவுடன் இரு, தண்ணி குடிச்சிட்டு வரேன் என்று நான் எழுந்துபோனது தாகத்தால் இல்லை. நாங்கள் இங்கே சுகம், நீ அங்கே சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன் என்று கை தன்னால் எழுதிவிடுகிற வரி ஒன்று உண்டே, இன்று அதை ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி எழுதுகிறேன். நாங்கள் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும். போன் பண்ணாதம்மா, உன் குரல் கம்மினா என் குரலும் கம்மிடும், எதுவா இருந்தாலும் எழுதி அனுப்பு, வியாழக்கிழமை நான் டாக்டர்கிட்ட போறதுக்குள்ள அனுப்பு என்றாய். அப்படியே ஆகட்டும். இன்று திங்கள், மதிய இடைவேளை, ஆஸ்பத்திரியில் படம் எடுக்கிற அறையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன். ஜன்னல் திரை எப்போதும் மூடியே இருக்கும் அறை. ஒரு நாற்காலி, தாடையை வைக்கிற கிண்ணம், கேமரா. கிண்ணத்தில் ஆளுக்கு ஆள் மாற்றுகிற காகிதம் தீர்ந்துவிட்டது, எடுத்து வர எழுந்துபோக வேண்டும். போகவில்லை.

நீ சொன்னதைச் சரியாகத்தான் பிடித்துக்கொண்டேனா என்று எழுதிப் பார்க்கிறேன். கண்ணாடி மாற்றப் போன இடத்தில் தற்செயலாகப் பார்த்திருக்கிறார்கள். வலது கண்ணின் பின்சுவரில், விழித்திரையில், கறுப்பாக ஒரு புள்ளி. தோலில் மச்சம் இருப்பதுபோலக் கண்ணுக்குள்ளும் மச்சம் இருக்கும், சின்ன வயதிலிருந்தே இருப்பதென்றால் அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகும். புதிதாக வந்து வளர்கிறதென்றால் அது வேறு. அந்த வேறு என்பதன் பெயரை நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, இருபத்து மூன்று வருடமாக விழித்திரையைப் படம் பிடிக்கிறவளுக்கு அந்தப் பெயர் தெரியாதா என்ன. பழைய படம் ஒன்று கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம், இல்லையென்றால் கண்ணுக்குள் ஊசி விட்டுத் துணுக்கு எடுக்க வேண்டிவரலாம் என்றாராம் உன் டாக்டர். உனக்குப் பத்து வயதில் இதே நாற்காலியில் உட்கார வைத்து ஒரு படம் எடுத்தேன். அந்த ஒன்றுதான். அது இருக்கா, இல்ல அழிச்சிட்டீங்களா என்று கேட்டாய்.

அழிப்பது எங்கள் வேலையாக இருந்தது. பிலிம் போய் டிஜிட்டல் கேமரா வந்த வருடம், கூடவே ஒரு கம்ப்யூட்டர், அதில் இருபது ஜிபி. விற்க வந்தவர் இதை உங்க பேரப்பிள்ளைங்க வந்தாலும் நிரப்ப முடியாது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். ஒரு நாளைக்கு நாற்பது பேர், ஆளுக்கு நாலு படம், படத்துக்கு மூன்று எம்பி. ஒன்றரை மாதத்தில் நிரம்பிவிட்டது. பேரப்பிள்ளை இருக்கட்டும், நீ ஐந்தாம் வகுப்பு பாஸாகக்கூட இல்லை. டாக்டரம்மா அப்போது புதிதாகப் பொறுப்புக்கு வந்தவர். நோயிருக்கிற கண்ணை மட்டும் சிடில போட்டு வச்சுக்கோங்க, நல்ல கண்ணை என்ன பண்ணப்போறோம், அதான் நல்லா இருக்கே என்றார். யாருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. எனக்கும். அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நாலு மணிக்கு மேல் உட்கார்ந்து அந்த வாரத்தின் நல்ல கண்களை அழிப்பேன். திறந்து பார். ஒன்றுமில்லை. அழி. அடுத்தது. ஒன்பது வருடம். என் கம்ப்யூட்டர் ஒருநாளும் திணறியதில்லை என்று பெருமை வேறு. உன் அப்பா அப்போதே கேலி செய்வார், வாரம் பூரா எடுக்கறதுக்கு ஒருத்தி, வெள்ளிக்கிழமை அழிக்கறதுக்கும் அதே ஒருத்தி, அடுத்தவாட்டி சும்மா எடுக்கற மாதிரி நடிச்சிடேன் என்பார். நல்ல கண் என்பது பின்னால் ஒருநாள் கெடப்போகும் கண்ணின் முதல் பக்கம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இடம் இல்லை என்பது ஒன்றுதான் தெரிந்தது. இடம் எப்போதும் இல்லாமலே இருக்கும் என்று நினைத்தோம்.

இன்று காலை கீழே பழைய ஆவண அறைக்குப் போய் மூன்று பெட்டி சிடிகளையும் பார்த்துவிட்டேன். பாதிக்கு மேல் வெள்ளிப்பூச்சு செதில் செதிலாக உரிகிறது, விரல் நுனியில் மினுக்கென்று ஒட்டிக்கொள்கிறது. படிக்க முடிந்தவற்றில் உன் பெயர் இல்லை. இருக்க நியாயமும் இல்லை, அவை எல்லாம் நோயிருந்த கண்கள். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன், முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டார். நேற்று ராத்திரியிலிருந்து குளியலறைக் கண்ணாடி முன் நின்று டார்ச் அடித்துத் தன் கண்ணுக்குள் தானே எட்டிப் பார்க்கிறார், ஒண்ணும் தெரியலியேடி, வெறும் டார்ச்சுதான் தெரியுது என்கிறார். இன்று காலை கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த அம்மாளிடம் பிரேக்கை மிதிங்க என்பதற்குப் பதிலாகக் கண்ணை மூடுங்க என்று சொல்லியிருக்கிறார். நல்லவேளை வண்டி கிளம்பவில்லை. அந்த அம்மாளும் மூடிக்கொண்டாராம். உன் தம்பிக்கு வேலை உறுதியாகிவிட்டது, உனக்கு அவனே எழுதுவான். வெளியே ஆள் வந்துவிட்டது, சொட்டு மருந்து போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். மீதியை நாளைக்கு எழுதுகிறேன், இதை இன்னும் அனுப்பவில்லை.

செவ்வாய். காலையில் அந்தக் காகிதம் எடுக்க அலமாரியைத் திறந்தேன், அடித்தட்டில் குறைப் பதிவேடு இருந்தது. கேமராவில் ஏதாவது கோளாறு என்றால் இடது பக்கம் நான் எழுதுவேன், வந்து பார்த்துவிட்டு வலது பக்கம் மெக்கானிக் அண்ணன் எழுதுவார். உனக்கு அவரை நினைவிருக்கும், பாக்கெட்டில் தூரிகை குத்திக்கொண்டு வருவார், நீ அவரைப் பெயின்டர் மாமா என்பாய். சும்மா முதல் பக்கத்தைத் திருப்பினேன். முதல் நாள், முதல் வரி, என் கையெழுத்து. லென்ஸில் தூசி. படத்தில் கறும்புள்ளி. சோதனைக்கு உட்கார்ந்தவர்: என் மகள், வலது கண். வலது பக்கத்தில் அவர் கையெழுத்து. துடைத்தேன். துணியில் ஒன்றும் வரவில்லை. அதன்கீழே மறுபடி நான், அடிக்கோடு போட்டு. தூசி போய்விட்டது.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன், நோயாளி உட்கார வேண்டிய நாற்காலியில். அன்றைக்கு நடந்தது முழுவதும் திரும்பி வந்தது. கேமரா வந்து இறங்கிய சாயங்காலம், மறுநாளிலிருந்துதான் நோயாளிகள். பழகிப் பார்க்க ஒரு கண் வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்த உன்னைப் பிடித்து உட்கார வைத்தேன். வலது கண்ணுக்கு ஒரு பளிச். அவ்வளவுதான், எனக்குக் கண்ணுல பச்சையா தெரியுதுன்னு கத்திக்கொண்டு ஓடிவிட்டாய், இடது கண்ணுக்கு உன்னைப் பிடிக்கவே முடியவில்லை. திரையில் பார்த்தால் படம் அழகாக வந்திருக்கிறது, கீழ்ப்பக்கம் மட்டும் ஒரு கறும்புள்ளி. புத்தம் புதிய கேமராவில் தூசியா என்று எனக்கு வந்த கோபம். மறுநாள் விடியற்காலையே அண்ணனை வரவழைத்தேன். அவர் லென்ஸைக் கழற்றித் துடைத்தார், துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், தங்கச்சி, இதுல தூசி இருந்தா என் மீசையை எடுத்துடறேன் என்றார். பிறகு நாற்பது பேருக்கு எடுத்தேன், ஒருவர் படத்திலும் புள்ளி இல்லை. பாத்தீங்களா, தொடச்சதும் போயிடுச்சு, மீசையை எப்போ எடுக்கறீங்க என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவர் பெட்டியைப் பூட்டிக்கொண்டு போனார். மாதக்கணக்கில் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

புள்ளி உன் கண்ணில் இருந்தது. நான் அதைத் தூசி என்று எழுதினேன். இதை ஒருமுறை நேராக எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளுகிறது. அடுத்தவர் பிள்ளை உட்கார்ந்திருந்தால் ஒருவேளை டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன். என் பிள்ளை கண்ணில் இருக்கும் என்று என் மனதுக்கு எட்டவே இல்லை. குறை இயந்திரத்தில்தான் இருக்க முடியும். அன்றே சொல்லியிருந்தால் இந்த மூன்று நாளும் உனக்கு இல்லை.

ஆனால் அதைப் படித்ததில் ஒரு நல்லதும் இருக்கிறது, உனக்கு அது இதற்குள் பிடிபட்டிருக்கும். புள்ளி அன்றைக்கே இருந்தது. புதிதாக வந்ததில்லை. வளர்ந்திருக்கிறதா என்பதற்கு மட்டும் படம் வேண்டும். எழுத்தை வைத்து அளக்க முடியாது. குறைப் படங்களை நாங்கள் அழிப்பதில்லை, கம்பெனியிடம் காட்ட அண்ணன் தனியாக ஒரு சிடியில் போட்டுக்கொள்வார். அவர் வேலையை விட்டே எட்டு வருடம். போன் நம்பர் மாறிவிட்டது. டாக்டரம்மாவிடம் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன், பதிவேட்டையும் பையில் வைத்துக்கொண்டு.

பஸ்ஸில் அதன் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். அது இருப்பதையே மறந்திருந்தேன். கரண்டு போன நாட்களில் அண்ணன் உட்கார்ந்து எழுதுவது. தலைப்பு, இனிமேல். இனிமேல் நகத்தளவு சில்லில் இந்த அலமாரி முழுக்க அடங்கும் என்று ஒரு வரி, பக்கத்தில் நான் பென்சிலில், அடங்கட்டும், அதுவரைக்கும் அலமாரியைத் துடைங்க. இனிமேல் கேமரா தனியாக இருக்காது, போனுக்குள் போய்விடும். அதற்கு, அப்புறம் எதுல பேசறது என்று எழுதியிருக்கிறேன். இனிமேல் டாக்டர் தேவைப்படாது, கேமராவே மருந்து எழுதும். கீழே டாக்டரம்மா கையெழுத்தில், பார்க்கலாம். இதில் அவர் தோற்றார், டாக்டரம்மா இன்றும் காலை எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். இனிமேல் வைத்துக்கொள்வது சுலபம், அழிப்பதுதான் கஷ்டம், எதை அழிக்கலாம் என்று யோசிக்க ஓர் ஆள் வேண்டும், ஆளுக்கு நேரம் இருக்காது. கடைசியாக ஒன்று. இனிமேல் கேமரா பார்த்ததைப் பார்த்தபடி தராது, அழகாக்கித் தரும், அப்போது அழுக்கான படத்தைத் தேடி அலைவார்கள். இதற்கு நான் பதில் எழுதவில்லை. அன்றைக்குப் புரிந்திருக்காது.

தையல்கடைக்கு மேலே மாடியில் மருமகளோடு இருக்கிறார். மீசை முழுக்க வெள்ளை, ஆனால் இருக்கிறது. என்ன தங்கச்சி, எட்டு வருஷம் கழிச்சு மீசை கேட்டு வந்தியா என்றார். சிரிக்க முடியவில்லை. பதிவேட்டைத் திறந்து முதல் வரியைக் காட்டினேன். படித்தார், என் முகத்தைப் பார்த்தார், பொண்ணு எப்படி இருக்கா என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அந்த சிடி இருக்கா அண்ணா, உரிஞ்சு போயிருக்கும் இல்ல என்றேன். சிடி எப்பவோ செத்துப்போச்சு, அது சாகும்னு தெரிஞ்சுதானே வாங்கினேன் என்றார். அவர் அலமாரியைத் திறந்தார். ஒவ்வொரு புது சாமான் வரும்போதும் பழையதுல இருக்கறதை அதுல குடிமாத்திடுவேன், சிடில இருந்து பெரிய டிஸ்க், அதுலருந்து பென் டிரைவ், அதுலருந்து இது. நாலு வீடு மாறியாச்சு, ஒரு படம் விடல. வேலை போனப்புறமும் எதுக்கு மாமா இதெல்லாம்னு இவகூட திட்டுவா என்று மருமகளைக் காட்டினார். நான் திட்டல மாமா, கேட்டேன் என்றாள் அவள். ஒரு தீப்பெட்டிக்குள், பஞ்சில், நகத்தளவு ஒரு சில்லு.

அவருடைய கம்ப்யூட்டர் எழுந்து வருவதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தை நான் எழுதப்போவதில்லை. முதல் கோப்பு. திறந்தது. உன் பத்து வயதுக் கண் திரை முழுக்க, ஆரஞ்சு நிறத்தில், ரத்தக் குழாய்கள் கிளை கிளையாக, கீழே அந்தப் புள்ளி. தொட்டுப் பார்த்தேன், திரையைத்தான். தூசி இல்லன்னு அன்னைக்கே சொன்னேன் என்று அண்ணன் சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. எழுந்துபோய் டீ போடச் சொன்னார்.

புதன். நேற்று நான் கேட்டு நீ அனுப்பிய இப்போதைய படத்தையும் அண்ணன் தந்த பழைய படத்தையும் டாக்டரம்மா மேஜையில் அக்கம்பக்கமாகத் திறந்தோம். நரம்பு உள்ளே நுழைகிற மஞ்சள் வட்டம் ஒன்று எல்லோர் கண்ணிலும் உண்டு, இரண்டு படத்திலும் அந்த வட்டம் ஒரே அளவு வரும்வரை சரிசெய்தேன். இதை நாளும் செய்கிறவள்தான், ஆனாலும் மவுஸ் வழுக்கிக்கொண்டே இருந்தது, கடைசியில் டாக்டரம்மாவே வாங்கிச் செய்தார். வட்டத்தில் கால் பங்கு அகலம். அன்றும் கால் பங்கு, இன்றும் கால் பங்கு. புள்ளியின் மேல்விளிம்பைத் தொட்டுக்கொண்டு மெல்லிய குழாய் ஒன்று போகிறது, அன்றும் விளிம்பைத்தான் தொட்டது, இன்றும் அங்கேதான் தொடுகிறது. டாக்டரம்மா இரண்டையும் மாறி மாறிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இருபத்து மூணு வருஷமா ஒரு அடி நகரல, இது மச்சம்தான்மா, போய் முகம் கழுவிட்டு வா என்றார். பழைய படம் கொஞ்சம் சொரசொரப்பு, ஓரங்களை அடித்துச் சொல்ல முடியாது, முடிவு சொல்ல வேண்டியது உன் டாக்டர்தான், அவர் என்ன சொன்னாலும் வருடத்துக்கு ஒரு படம் கட்டாயம் என்றும் சொன்னார். இதை நான் விடாமல் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். ஆனால் முகம் கழுவிட்டு வா என்று சொன்ன குரலை நீ கேட்டிருக்க வேண்டும்.

என் தவறுதான் உன் படத்தைக் காப்பாற்றியது என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. நல்ல கண் என்று நினைத்திருந்தால் வெள்ளிக்கிழமை போயிருக்கும். மச்சம் என்று தெரிந்து சிடியில் போட்டிருந்தால் இன்று உரிந்திருக்கும். தூசி என்று நினைத்ததால் இருக்கிறது. ஆனால் அது உண்மையில்லை, காப்பாற்றியது குடிமாற்றிக்கொண்டே இருந்த ஒரு மனிதரின் பிடிவாதம். இப்போதைய புதுக் கேமராவில் தூசி நீக்கும் வசதி ஒன்று இருக்கிறது, சந்தேகமான புள்ளியைத் தானே துடைத்துவிட்டுப் பளபளவென்று படம் தரும். நேற்று வரை எனக்கு அது பிடித்திருந்தது. இன்று காலை அதை அணைத்து வைக்கச் சொல்லி டாக்டரம்மாவிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன், புள்ளியை முடிவு செய்வது மனிதராக இருக்கட்டும், என்னை மாதிரி மனிதராக இருந்தாலும் பரவாயில்லை, தவறு செய்ததையாவது அவர் எழுதி வைப்பார். கடைசிப் பக்கத்தில் அண்ணன் வரிகளுக்குக் கீழே என் பங்குக்கு நானும் ஒன்று எழுதினேன். இனிமேல் என் மகளுக்கு அறுபது வயதாகும்போது இன்னொரு படம் எடுப்பார்கள், அதை எதில் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது, அதுவும் இந்த இரண்டு படங்களும் ஒரே மாதிரி இருக்கும். டாக்டரம்மா படித்துவிட்டு இந்த முறை பார்க்கலாம் என்று எழுதவில்லை, கையெழுத்து மட்டும் போட்டார்.

நாளைக்கு வெறும் வயிற்றோடு போகாதே. கண்ணில் மருந்து விடுவார்கள், திரும்பும்போது நீ வண்டி ஓட்டக் கூடாது, பக்கத்து வீட்டுத் தோழியைக் கூட்டிக்கொண்டு போ, வெட்கப்படாமல் கேள். கறுப்புக் கண்ணாடி எடுத்துக்கொள். இரண்டு படங்களும் இத்துடன் இருக்கின்றன, சுருக்காமல், அசல் அளவில். உன் டாக்டர் சுருக்கி அனுப்பச் சொன்னால் மாட்டேன் என்று சொல். அவர் சொல்வதை முடித்ததும் நீயே எனக்குப் போன் பண்ணு, குரல் கம்மினால் கம்மட்டும். அப்பா, பச்சையாத் தெரியுதுன்னு இந்தவாட்டி ஓடாம உக்காரச் சொல்லு என்கிறார். நீ நூறு வயது பார்க்க வேண்டும், இரண்டு கண்ணாலும். முதல் நாளே சரியாகப் பார்க்காததற்கு என்னை மன்னித்துவிடு. உடனே வேண்டாம், மெதுவாக.

என்றும் உன்
அம்மா

பி.கு. இதை முடித்த பிறகு டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, சரி, உன் கண்ணை எப்போ கடைசியா பார்த்தோம் என்று கேட்டார். என் கண்ணை யாரும் பார்த்ததே இல்லை. சொட்டு மருந்து விட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து தாடையை வைத்தேன், புதிதாக வந்திருக்கிற பெண் படம் எடுத்தாள், வலதில் இரண்டு, இடதில் இரண்டு. இப்போது எழுத்தெல்லாம் கலங்கித் தெரிகிறது. அனுப்புகிற பொத்தான் எங்கே என்று அவளையே கேட்டு அழுத்திவிட்டு, மற்றவர்களோடு வெளிப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.